பிளேஸ்டேஷன் 2 ஆட்டங்கள் மடிக்கணினியில் திக்காமல் ஓட: கிராபிக்ஸ் அமைப்புகளுக்கு ஒரு வழிகாட்டி

எங்கள் வீட்டு ஸ்டோர் ரூமில் பத்து வருடமாகப் பெட்டிக்குள் கிடந்த பிளேஸ்டேஷன் 2ஐ சென்ற ஆண்டு வெளியே எடுத்தேன். விளக்கு எரிந்தது, உள்ளே சுழலும் சத்தம் கேட்டது, ஆனால் ஒரு டிஸ்கையும் அது படிக்கவில்லை. லென்ஸ் போய்விட்டது. நானும் அண்ணனும் சிங்கப்பூர் உட்லண்ட்ஸ் வீட்டுத் தரையில் உட்கார்ந்து டெக்கன் 5 விளையாடிய பெட்டி அது. டிஸ்குகள் மட்டும் கீறல் இல்லாமல் அப்படியே இருந்தன. தீபாவளிக்கு அண்ணன் குடும்பத்தோடு வருவார், அதற்குள் மடிக்கணினியில் ஓட வைத்துவிடலாம் என்று ஆரம்பித்தேன்.

இரண்டு மாலையில் முடிய வேண்டிய வேலை மூன்று வாரம் இழுத்தது. காரணம் ஒன்றுதான். எது திணறுகிறது என்று பார்க்காமலே, வீடியோக்களில் சொன்ன அமைப்புகளை எல்லாம் ஒரே நேரத்தில் மாற்றிக்கொண்டிருந்தேன். ஒன்று சரியானால் இன்னொன்று கெடும், எதனால் கெட்டது என்றும் தெரியாது. நீங்கள் அந்த மூன்று வாரத்தைச் செலவழிக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

விண்டோஸ் மடிக்கணினியில் பிசிஎஸ்எக்ஸ்2 என்ற எமுலேட்டரை, அதாவது பிளேஸ்டேஷன் 2 போலவே நடந்துகொண்டு அதன் ஆட்டங்களைக் கணினியில் ஓட்டும் நிரலை, வைத்துச் சொல்கிறேன். மெனுவில் பெயர்கள் ஆங்கிலத்தில் இருக்கும், நான் அவற்றின் ஒலிப்பை எழுதுகிறேன்.

1. முதலில் கையில் இருக்க வேண்டியவை

எமுலேட்டர் இலவசம். அதன் சொந்த இணையதளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். தேடலில் மேலே வரும் விளம்பர இணைப்புகளைத் தொடாதீர்கள், யாராவது பணம் கேட்டால் அது போலி. 2024 ஜூலையில் 2.0 பதிப்பு வந்தது. அதற்கு முந்தைய 1.6 காலத்து வீடியோக்கள் பிளகின்களைப் பற்றியும் வேக முன்னமைப்புப் பட்டையைப் பற்றியும் பேசும். அவை எதுவும் இப்போது கிடையாது. அப்படி ஒரு வீடியோ என்றால் உடனே மூடிவிடுங்கள்.

அடுத்தது பயாஸ், அதாவது பிளேஸ்டேஷன் 2ஐத் துவக்கும் அடிப்படை நிரல். எமுலேட்டரோடு இது வராது. உங்கள் சொந்தப் பெட்டியிலிருந்துதான் எடுக்க வேண்டும். இணையத்தில் கிடைப்பதை இறக்காதீர்கள். அது பதிப்புரிமை மீறல், கூடவே வைரஸும் வரலாம். ஃப்ரீ எம்சிபூட் (பெட்டியை மெமரி கார்டிலிருந்தே துவக்கும் நிரல்) போட்ட மெமரி கார்டு ஒன்றும், பயாஸ் எடுக்கும் சிறு நிரல் போட்ட பென்டிரைவ் ஒன்றும் வேண்டும். லென்ஸ் போன பெட்டியிலும் இது நடக்கும், ஏனென்றால் பெட்டி மெமரி கார்டிலிருந்தே துவங்கிவிடும். இதைத் தெரிந்துகொள்ளாமல் நான் பெட்டியையே தூக்கிப் போட இருந்தேன். கார்டு வாங்கும் முன் பெட்டியின் பின்புறம் மாடல் எண்ணைப் பாருங்கள். நம் ஊரில் விற்றவை பெரும்பாலும் 70006, 77006 என்பதுபோல 6இல் முடியும். 90000 வரிசையின் பிந்தைய பெட்டிகளில் இந்த மெமரி கார்டு வழி வேலை செய்யாது.

அப்புறம் டிஸ்குகள். கணினியின் சாதாரண டிவிடி டிரைவே பிளேஸ்டேஷன் 2 டிஸ்கைப் படிக்கும். இம்க்பர்ன் என்ற இலவச நிரலில் படித்து ஐஎஸ்ஓ கோப்பாக (டிஸ்கின் முழு நகல்) சேமியுங்கள். எனக்கு ஒரு டிஸ்குக்கு ஏறக்குறைய 20 நிமிடம் ஆனது. ஒற்றை அடுக்கு டிஸ்க் 4.7 ஜிபி வரை, இரட்டை அடுக்கு 8.5 ஜிபி வரை இடம் பிடிக்கும். வட்டில் இடம் பார்த்துக்கொள்ளுங்கள்.

எனக்கு ஆன செலவு: மெமரி கார்டு 18 வெள்ளி, யூஎஸ்பி டிவிடி டிரைவ் 38 வெள்ளி, பின்னால் சொல்லப்போகும் ரேம் ஸ்டிக் 42 வெள்ளி, மடிக்கணினியைத் திறந்து சுத்தம் செய்ய 50 வெள்ளி. மொத்தம் 148. விலைகள் மாறும், ரேம் விலை ரொம்பவே மாறும், ஆனால் கணக்குப் போட இது உதவும்.

2. மடிக்கணினி வாங்கப் போகிறீர்கள் என்றால்

ஏற்கெனவே இருந்தால் இதைத் தாண்டிவிடலாம். வாங்குபவர்கள் மட்டும் கவனியுங்கள்.

எமுலேட்டர் வேலையின் பெரும்பகுதி பிராசசரின் இரண்டு மூன்று உட்கருக்களின் (கோர்) மேலேயே விழும். ஆகவே எட்டு உட்கரு, பத்து உட்கரு என்ற விளம்பரத்தைவிட ஒவ்வோர் உட்கருவின் வேகம் முக்கியம். கடைக்காரர் அதைச் சொல்ல மாட்டார். மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு, ஒற்றை உட்கரு வேகப் பட்டியலில் நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள்.

அடுத்தது ரேம். நான் வாங்கிய பழைய மடிக்கணினி ஐ5 எட்டாம் தலைமுறை, இன்டெல் யூஎச்டி 620 கிராபிக்ஸ், 8 ஜிபி ரேம். “கேமிங்குக்குப் போதும்” என்று விற்றவர் சொன்னார். அந்த 8 ஜிபி ஒரே ஸ்டிக்காக இருந்ததுதான் பிரச்சினை. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத மடிக்கணினியில் படம் வரையும் வேலைக்கும் இந்த ரேம்தான் பாதை. ஒரு ஸ்டிக் என்றால் ஒற்றைத் தடம், இரண்டு என்றால் இரட்டைத் தடம். இன்னொரு 8 ஜிபி போட்ட அன்று, வேறு எதையும் மாற்றாமலே, 78 சதவீதத்தில் நின்ற ஆட்டம் 100க்கு வந்தது. சிம் லிம் ஸ்குவேருக்குப் போனாலும் பழைய பொருள் விற்கும் கரோசல் செயலி மூலம் ஒருவரைச் சந்தித்தாலும், பணம் கொடுப்பதற்கு முன் டாஸ்க் மேனேஜரைத் திறக்கச் சொல்லி, மெமரி பக்கத்தில் எத்தனை ஸ்லாட் நிரம்பியிருக்கிறது என்று பாருங்கள். அரை நிமிட வேலை.

கடையில் வாங்கினால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். பழைய பொருளாக இருந்தாலும், 6 மாதத்துக்குள் குறை தெரியவந்தால் லெமன் லா என்று நாம் சொல்லும் சட்டத்தின்படி கடைக்காரரிடம் கேட்கலாம். தனி நபரிடம் வாங்கினால் அந்தப் பாதுகாப்பு கிடையாது. அதனால் அங்கேயே உட்கார்ந்து சோதித்துவிடுங்கள்.

3. விண்டோஸில் செய்ய வேண்டியவை

சார்ஜரைச் செருகியே விளையாடுங்கள். பேட்டரியில் ஓடும்போது மடிக்கணினி தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பவர் மோடை பெஸ்ட் பெர்ஃபார்மன்ஸுக்கு மாற்றுங்கள். இரண்டு கிராபிக்ஸ் உள்ள மடிக்கணினி என்றால், எமுலேட்டரின் கிராபிக்ஸ் பக்கத்தில் அடாப்டர் என்ற இடத்தில் தனி கார்டைத் தேர்ந்தெடுங்கள். என் அண்ணன் மகனின் மடிக்கணினியில் நல்ல கார்டு சும்மா கிடக்க, சின்ன கிராபிக்ஸ்தான் மூச்சு முட்ட வேலை செய்துகொண்டிருந்தது. கிராபிக்ஸ் டிரைவரைப் புதுப்பித்துவிட்டு மேலே போங்கள்.

4. திரையில் எண்களை வரவழையுங்கள்

எந்த அமைப்பையும் தொடுவதற்கு முன் இதைச் செய்ய வேண்டும். அமைப்புகளில் ஆன்-ஸ்கிரீன் டிஸ்பிளே என்ற பகுதியில் ஸ்பீட், சிபியூ யூசேஜ், ஜிபியூ யூசேஜ், ரெசல்யூஷன் நான்கையும் காட்டச் சொல்லுங்கள்.

நீங்கள் பார்க்க வேண்டியது ஸ்பீட் என்ற சதவீதத்தை. அது 100இல் நிலையாக நின்றால் ஆட்டம் அசல் பெட்டியின் வேகத்தில் ஓடுகிறது. எஃப்பிஎஸ் எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள். பிளேஸ்டேஷன் 2இல் நிறைய ஆட்டங்கள் நொடிக்கு 30 படம்தான் வரைந்தன. அவற்றில் 30 என்று காட்டினால் அதுவே முழு வேகம். நான் ஒரு வார இறுதி முழுவதும் ஷேடோ ஆஃப் த கொலோசஸ் ஆட்டத்தை 60க்குக் கொண்டுவரப் போராடினேன். அசல் பெட்டியிலேயே அந்த ஆட்டம் 30க்குக் கீழே அடிக்கடி இறங்கும் என்பது எனக்கு அப்போது தெரியாது.

இன்னொன்று. நம் ஊர்ப் பெட்டிகளுக்கான டிஸ்குகள் என்டிஎஸ்சி வகை, நொடிக்கு 59.94 புலம். லண்டனிலிருந்து உறவினர் யாராவது கொண்டுவந்த டிஸ்க் என்றால் அது பால் (PAL) வகை, 50தான் அதற்கு முழு வேகம். எமுலேட்டர் இரண்டையும் ஓட்டும். ஆனால் 60 ஹெர்ட்ஸ் திரையில் 50 படம் வரும்போது காட்சி லேசாக இழுத்து இழுத்து நகரும். அது உங்கள் மடிக்கணினியின் குறை இல்லை.

5. திணறுவது எது என்று கண்டுபிடியுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

ஆட்டம் திணறும் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். எப்போதும் அதே இடத்தில்தான் சோதிக்க வேண்டும், வெவ்வேறு இடங்களில் பார்த்தால் ஒப்பிட முடியாது. அங்கே நின்று ஸ்பீட் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இப்போது இன்டர்னல் ரெசல்யூஷனை நேட்டிவுக்கு, அதாவது அசல் பெட்டி வரைந்த அளவுக்கு, குறையுங்கள். வேறு எதையும் தொடாதீர்கள்.

ஸ்பீட் சட்டென்று ஏறினால், திணறியது கிராபிக்ஸ். 6ஆம் பகுதிக்குப் போங்கள்.

ஸ்பீட் அசையவே இல்லை என்றால், திணறுவது பிராசசர். 7ஆம் பகுதிக்குப் போங்கள். இந்த நிலையில் ரெசல்யூஷனைக் குறைத்து வைத்தால் படம் மங்கியதுதான் மிச்சம், வேகம் கூடாது.

திரையில் உள்ள எண்களும் இதையே சொல்லும். ஜிபியூ 95க்கு மேல் நின்றால் கிராபிக்ஸ். ஈஈ (அசல் பெட்டியின் முதன்மை பிராசசரைக் குறிக்கும் பெயர்), ஜிஎஸ், வியூ (VU) என்ற மூன்று வரிகளில் ஒன்று 100ஐ ஒட்டி நின்றால் பிராசசர். ஜிஎஸ் என்பது கிராபிக்ஸ் சம்பந்தப்பட்ட பெயர்போலத் தெரிந்தாலும், அந்த வரி காட்டுவது பிராசசரின் வேலையைத்தான். நான் இதில் குழம்பினேன்.

ஒரு எச்சரிக்கை: புதிய காட்சி முதல்முறை வரும்போது மட்டும் ஒரு கணம் நின்று, அடுத்தமுறை அதே காட்சி சரியாக ஓடினால், அது ஷேடர் (காட்சியை வரையும் சிறு நிரல்) தயாராகும் நேரம். அதற்காக எதையும் மாற்ற வேண்டாம். இரண்டு மூன்று சுற்று விளையாடினால் தானே மறையும். டிரைவரைப் புதுப்பித்தால் மறுபடியும் வரும்.

6. கிராபிக்ஸ் திணறினால்

இன்டர்னல் ரெசல்யூஷன்தான் முதல் ஆயுதம். 2 மடங்கு என்றால் நீளமும் அகலமும் இரண்டு மடங்கு, ஆகவே வரைய வேண்டிய புள்ளிகள் 4 மடங்கு. 3 மடங்குக்கு 9, 4 மடங்குக்கு 16. ஒரு படி ஏற்றினாலே சுமை எவ்வளவு கூடுகிறது என்று பாருங்கள். 2 மடங்கு ஏறக்குறைய 720பி, 3 மடங்கு ஏறக்குறைய 1080பி. 14 அங்குல மடிக்கணினித் திரையில் 2க்கும் 3க்கும் உள்ள வித்தியாசத்தை என் கண் கண்டுபிடிக்கவில்லை. நேட்டிவிலிருந்து 2க்குப் போகும்போதுதான் பெரிய மாற்றம். 100 சதவீதம் நிலையாக நிற்கும் அளவுக்கு ஒரு படி கீழே வையுங்கள். சண்டை நடுவே வெளிச்சமும் புகையும் வரும்போது அந்த இடைவெளி தேவைப்படும்.

அடுத்தது பிளெண்டிங் அக்யூரசி. பேசிக் என்று இருக்கும், அங்கேயே விடுங்கள். ஒளி, நிழல், புகை தவறாகத் தெரியும் ஆட்டத்தில் மட்டும் ஒரு படி ஏற்றுங்கள். “அதிகம் வைத்தால் அழகு” என்று நினைத்து நான் மேக்சிமத்தில் வைத்திருந்தேன். தெரிந்த மாற்றம் ஒன்றுமில்லை, வேகம் பாதியானது.

ரெண்டரரை (படம் வரையும் முறை) முதலில் ஆட்டோமேட்டிக்கில் விடுங்கள். சரிப்படாவிட்டால் வல்கன், டைரக்ட்3டி 11 இரண்டையும் அதே இடத்தில் ஓட்டிப் பாருங்கள். எது நல்லது என்று பொதுவாகச் சொல்ல முடியாது, கார்டுக்குக் கார்டு மாறும். அனிசோட்ரோபிக் ஃபில்டரிங், எஃப்எக்ஸ்ஏஏ போன்ற படத்தை மெருகேற்றும் அமைப்புகளை, எல்லாம் சரியான பிறகு ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம்.

ரெசல்யூஷனை ஏற்றியதும் எழுத்துகளின் ஓரத்தில் கோடுகள் வந்தால், எஃப்9 அழுத்திப் பாருங்கள். அது சாஃப்ட்வேர் ரெண்டரருக்கு மாற்றும். கோடு மறைந்தால் கோப்பில் குறை இல்லை, பெரிதாக்குவதில்தான் குறை. மறுபடி எஃப்9 அழுத்திப் பழைய நிலைக்கு வந்துவிடுங்கள், மறந்தால் எல்லாச் சுமையும் பிராசசர் மேல் விழும். இந்தக் கோடுகளைப் போக்க மேனுவல் ஹார்ட்வேர் ஃபிக்சஸ் என்ற பெட்டியைக் குறியிடச் சொல்வார்கள். இதுதான் நான் விழுந்த பெரிய குழி. அந்தப் பெட்டியைக் குறியிட்டால், ஒவ்வோர் ஆட்டத்துக்கும் எமுலேட்டர் தானாகப் போட்டுவைத்திருக்கும் திருத்தங்கள் எல்லாம் நின்றுவிடும். ஒரு கோட்டைச் சரிசெய்யப் போய் நான் மற்ற ஐந்து ஆட்டங்களையும் கெடுத்தேன். என்ன செய்கிறோம் என்று தெரிந்தால் ஒழிய அதைத் தொடவே தொடாதீர்கள்.

7. பிராசசர் திணறினால்

இங்கே செய்யக்கூடியது குறைவு. பிரவுசரை மூடுங்கள். எம்டிவியூ (MTVU) என்பது இயங்கிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள், வழக்கமாக இயங்கும், அப்படியே விடுங்கள்.

பிறகு ஈஈ சைக்கிள் ரேட். 100 சதவீதத்திலிருந்து 75க்கு இறக்கினால் சுமை குறையும். ஆனால் அதற்கும் கீழே இறக்கினால் ஸ்பீட் 100 என்று காட்டும், ஆட்டமோ உள்ளுக்குள் படங்களைக் கைவிட்டுத் திக்கும். எண் நன்றாக இருக்கிறதே என்று திருப்திப்பட்டுவிடாதீர்கள், கண்ணால் பாருங்கள். ஈஈ சைக்கிள் ஸ்கிப் பக்கம் போகவே வேண்டாம். ஷேடோ ஆஃப் த கொலோசஸ் போன்ற மிகச் சிலவற்றுக்கே அது உதவும், மற்றவற்றில் கெடுதல்தான்.

எதிர்த் திசையும் உண்டு. பிராசசரில் வலு மீதம் இருந்தால் அதே சைக்கிள் ரேட்டை 130 ஆக்கினால், அசல் பெட்டியிலேயே திக்கிய ஆட்டங்கள் வழுக்கிக்கொண்டு போகும். கொலோசஸை அண்ணன் மகனின் மடிக்கணினியில் அப்படி ஓட்டிப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது. சிறுவயதில் நாங்கள் அதை அவ்வளவு தெளிவாகப் பார்த்ததே இல்லை.

8. இருபது நிமிடம் ஓட விட்டுப் பாருங்கள்

எந்த வீடியோவும் எனக்குச் சொல்லாத விஷயம் இது. இரண்டு நிமிடம் சோதித்து “சரி, முடிந்தது” என்று எழுந்துவிடாதீர்கள். நம் ஊரில் மதியம் 32, 33 டிகிரி. சின்ன மடிக்கணினி பத்து நிமிடத்தில் சூடாகி, தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். என்னுடையது முதல் பத்து நிமிடம் 100 காட்டும், அப்புறம் 82. இரவு ஏர்கான் போட்ட அறையில் சோதித்துவிட்டு, பகலில் ஹாலில் வைத்து விளையாடியதால் பல நாள் இது எனக்குப் பிடிபடவில்லை. ஆகவே விளையாடப் போகும் அறையில், விளையாடப் போகும் நேரத்தில் சோதியுங்கள்.

டாஸ்க் மேனேஜரில் பிராசசரின் கிகாஹெர்ட்ஸ் எண் நேரம் ஆக ஆக இறங்கினால் வெப்பம்தான் காரணம். மெத்தை, சோபா மேல் வைக்காதீர்கள். பின்பக்கத்தை இரண்டு விரல் உயரம் தூக்கி வைத்து, மேசை விசிறி ஒன்றைத் திருப்பிவிடுங்கள், இதுவே பாதிக் குறையைத் தீர்க்கும். ஐந்தாறு வருடப் பழைய மடிக்கணினி என்றால் திறந்து தூசு தட்டி, வெப்பப் பசையை மாற்றுங்கள். கடையில் கொடுத்தால் ஒரு நாள் ஆகும்.

பிராசசருக்குள்ளேயே கிராபிக்ஸும் இருக்கும் மடிக்கணினியில் இரண்டும் ஒரே வெப்பத்தைப் பங்கிடும். அங்கே ரெசல்யூஷனை ஒரு படி குறைத்தால் பிராசசருக்கும் மூச்சு கிடைக்கும். 5ஆம் பகுதியில் சொன்னதற்கு இது ஒரு விலக்கு, சூடேறிய பிறகுதான் தெரியும்.

9. டிவியில் இணைக்கும்போது

எச்டிஎம்ஐ கேபிளில் இணைத்ததும் விண்டோஸ் 4கே அளவுக்குத் தாவியிருக்கும். 1080பிக்கு மாற்றுங்கள். டிவியில் கேம் மோடை இயக்குங்கள். இல்லாவிட்டால் பொத்தானை அழுத்தியபின் அடி விழத் தாமதமாகும், டெக்கன் போன்ற ஆட்டத்தில் அது ஆட்டத்தையே மாற்றிவிடும். விசிங்க் இயக்கினால் காட்சி கிழிவது நிற்கும், ஆனால் கொஞ்சம் தாமதம் சேரும். சண்டை ஆட்டத்துக்கு நான் நிறுத்தியே வைக்கிறேன், சாகச ஆட்டத்துக்கு இயக்குகிறேன்.

10. ஆட்டத்துக்கு ஆட்டம் தனியாக வையுங்கள்

பொது அமைப்பில் 2 மடங்கு, பேசிக், ஆட்டோமேட்டிக் என்று விட்டுவிடுங்கள். கனமான ஆட்டத்துக்கு மட்டும், பட்டியலில் அதன் பெயர்மேல் வலது கிளிக் செய்து பிராபர்ட்டிஸில் மாற்றுங்கள். அந்த மாற்றம் அந்த ஆட்டத்தோடு நிற்கும். ஒரு தாளில் ஆட்டத்தின் பெயர், மாற்றியது என்ன, ஸ்பீட் எவ்வளவு என்று எழுதிவையுங்கள். என் தாள் இப்போதும் மடிக்கணினி உறைக்குள் இருக்கிறது.

ஆட்டத்தைச் சேமிக்கும்போது சேவ் ஸ்டேட்டை (ஆட்டத்தை நின்ற கணத்திலேயே சேமிக்கும் எமுலேட்டர் வசதி) மட்டும் நம்பாதீர்கள். எமுலேட்டரைப் புதுப்பித்தால் பழைய சேவ் ஸ்டேட் திறக்காமல் போகலாம். ஆட்டத்துக்குள்ளேயே இருக்கும் மெமரி கார்டு சேமிப்பையும் பயன்படுத்துங்கள். அது மெம்கார்ட்ஸ் என்ற கோப்புறையில் சாதாரணக் கோப்பாக இருக்கும். புதுப்பிப்பதற்கு முன் அதைப் பென்டிரைவில் நகலெடுக்க ஒரு நிமிடம்கூட ஆகாது.